உறக்கத்தை விலைக்கு வாங்கலாமா?

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் நிகழ்ந்த கொடுமையைத் தமிழகம் எளிதில் மறந்துவிட இயலாது. பொட்டலங்களில் அடைத்து விற்கப்பட்ட கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்களில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் படுக்கைகள் நிரம்பின. மாண்டவர்களுள் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் கூலித் தொழிலாளர்கள். சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் என்னும் பொருள் உடலுக்குள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைச் சிதைத்து, இரத்தத்தை அமிலமாக்கி, மூச்சை நிறுத்தக்கூடியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளிலும் இதே நஞ்சு 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருந்தது.

கள்ளக்குறிச்சி நமக்கு அயலூர் அன்று. அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டை இன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. அச்செய்தியைப் படித்தபோது நம் இல்லங்கள் பலவற்றில், “நல்லவேளை, நம் குடும்பங்களில் இப்பழக்கம் இல்லை” என்ற ஆறுதல் எழுந்திருக்கக்கூடும். மது, புலால், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் இல்லறத்தாரின் மூலகுணங்களுள் வைத்து எண்ணப்படுவது. அவ்வொழுக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவது பாராட்டத்தக்கதே. ஆயினும் அந்த ஆறுதலுக்குள் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. அதனை இக்கட்டுரையில் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

நாள் முழுதும் மூட்டை சுமந்த ஒருவரை “ஏன் ஐயா குடிக்கிறீர்?” என்று கேட்டால், “உடம்பு வலி தாங்கவில்லை, குடித்தால்தான் தூக்கம் வருகிறது” என்பதே அடிக்கடி கிடைக்கும் விடை. நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை, “இரவில் அந்தச் சிறிய மாத்திரை எதற்கு?” என்று கேட்டாலும், “அதைப் போட்டால்தான் தூக்கம் வருகிறது” என்பதே விடை. இருவரும் நாடுவது உறக்கம். இருவரும் அதனைத் தமக்குள்ளிருந்து பெற இயலாமல் விலைக்கு வாங்குகின்றனர். ஒருவரைக் குடிகாரர் என்றும் மற்றவரை நோயாளி என்றும் சொல்கிறோம். இப்பாகுபாடு எதன்மீது நிற்கிறது?

வேறுபாடு எங்கே?

வேறுபாடு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர், எடை, செய்தவர் பெயர், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டுள்ளன. மருத்துவர் ஒருவர் நோயை ஆராய்ந்து அளவு குறிக்கிறார். கருணாபுரத்துப் பொட்டலத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது இன்னதென்று குடித்தவருக்கும் தெரியாது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் உறக்கம், சாவு, நஞ்சு, கள் என்னும் நான்கும் ஒரே குறளுக்குள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. கள்ளக்குறிச்சியில் அந்நான்கும் ஒரே பொட்டலத்துக்குள் வந்து சேர்ந்தன.

ஆக, மருந்தை நஞ்சினின்றும் பிரிப்பது அறிவு. என்ன உண்கிறோம், எவ்வளவு உண்கிறோம், எத்தனை நாளைக்கு உண்கிறோம், எதற்காக உண்கிறோம் என்ற நான்கையும் அறிந்து உண்பது மருந்து. அறியாமல் உண்பது, அச்சிட்ட அட்டையிலிருந்து எடுத்ததாயினும், பொட்டலத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஐந்தாண்டுக்கு முன் ஒரு துக்கத்தின்போது மருத்துவர் பத்து நாளைக்கு எழுதித் தந்த சீட்டை வைத்துக்கொண்டு, அல்லது சீட்டே இல்லாமல், “அதே மாத்திரையில் ஓர் அட்டை கொடுங்கள்” என்று வாங்கி வருகின்ற குடும்பங்கள் எத்தனை? அங்கே மருத்துவரின் அறிவு எப்போதோ விடைபெற்றுச் சென்றுவிட்டது. எஞ்சியிருப்பது பழக்கம் மட்டுமே.

இதனைத் தடுக்கவே சட்டமும் முயன்றுள்ளது. மருந்து விதிகளில் எச்-1 என்னும் அட்டவணை 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. அல்பிரஸோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம், சோல்பிடெம் ஆகியவை அதில் உள்ளன. இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். சீட்டின்றி வாங்குபவர் கடைக்காரரையும் விதி மீறச் செய்கிறார். செய்தல் மட்டுமன்றிச் செய்வித்தலும் உடன்படுதலும் வினைக்கு வாயில் என்று கற்ற நமக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

தீங்கற்றது என்று வந்தவை

உறக்க மருந்தின் வரலாறு ஒரு பாடத்தையே திரும்பத் திரும்பக் கற்பிக்கிறது. 1869இல் குளோரல் ஹைட்ரேட் உறக்கம் தரும் மருந்தாக ஜெர்மனியில் அறிமுகமாயிற்று. அதற்கு அடிமையானோர் பெருகினர். 1903இல் பார்பிட்டியூரேட் வகை வந்தது. உறக்கம் தரும் அளவுக்கும் உயிர் போக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவாக இருந்ததால், தவறியும் துணிந்தும் மாண்டவர் பலர். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. தீங்கற்ற உறக்க மருந்து என்ற விளம்பரத்தோடு சீட்டின்றியே விற்கப்பட்டது. கருவுற்ற தாய்மார் அதனை உண்டதன் விளைவாக உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்தன. 1961 இறுதியில்தான் அது அங்கே திரும்பப் பெறப்பட்டது.

1960களில் பென்ஸோடயஸிபைன் வகை பரவியது. டயஸிபாம், நைட்ரஸிபாம், பின்னர் வந்த அல்பிரஸோலம் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. தனியே உண்டால் உயிர் போக்கும் ஆபத்து முந்தியவற்றை விட மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் இவை விடாப்பிடியான பழக்கத்தை உண்டாக்குவன என்பது பின்னரே தெளிவாயிற்று. 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவ்வகை மருந்துகள் அனைத்தின் மீதும், அடிமைப்படுதல் பற்றிய மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிட ஆணையிட்டது. 1990களில் வந்த சோல்பிடெம் இக்குறைகள் அற்றது என்று கருதப்பட்டது. 2013இல் அதே நிர்வாகம் பெண்களுக்கு அதன் அளவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிற்று. இரவில் உண்ட மருந்து மறுநாட் காலையில் வண்டி ஓட்டும் திறனைக் கெடுக்கும் அளவுக்கு இரத்தத்தில் தங்கியிருந்ததே காரணம்.

தீங்கற்றது என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றின் தீங்கும், மக்கள் அதனை நெடுநாள் உண்ட பின்னரே தெரிந்தது. எனவே “இது புதிய மருந்து, ஒன்றும் செய்யாது” என்ற சொல்லை ஐயத்தோடு கேட்பது அறிவுடைமை.

உடலில் நிகழ்வது என்ன?

மூளையில் காபா என்னும் ஒரு பொருள் நரம்புகளின் பரபரப்பை அடக்குகிறது. உறக்க மாத்திரைகளில் பெரும்பாலானவை அதன் செயலை மிகுவிக்கின்றன. மதுவும் ஏறத்தாழ அவ்வழியிலேயே செயற்படுகிறது. ஆகவேதான் இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகும் ஆபத்து உண்டு. கடும் வலிக்குத் தரப்படும் அபின் வழி மருந்துகளோடு சேர்ந்தாலும் அவ்வாறே. குறட்டையோடு மூச்சுத் திணறும் நோயுள்ளவர்களும் நுரையீரல் நோயாளிகளும் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

சில வாரங்கள் தொடர்ந்து உண்டால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. முன்பு அரை மாத்திரையில் வந்த உறக்கத்துக்கு இப்போது ஒன்று தேவைப்படுகிறது. திடீரென நிறுத்தினாலோ அடங்கியிருந்த பரபரப்பு முழுதும் ஒருசேர எழுகிறது. நடுக்கம், வியர்வை, கொடிய உறக்கமின்மை, சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் நேர்கின்றன. ஆதலால் இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் இன்றிரவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாகாது. பல வாரங்கள், தேவையானால் பல மாதங்கள், மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. விரதம் எடுக்கும் உற்சாகத்தில் ஒரே நாளில் விட்டுவிடுதல் இவ்விடயத்தில் ஆபத்தாகும்.

முதியோர்க்குத் தீங்கு இன்னும் மிகுதி. டயஸிபாம் போன்றவை உடலை விட்டு நீங்கப் பல நாட்கள் ஆகும். முதிர்ந்த உடலில் இன்னும் தாமதமாகும். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்தவர் தள்ளாடி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. அதன்பின் படுக்கையே கதியாகிறது. “அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது” என்று நாம் சொல்லும் மறதியில் ஒரு பங்கு மாத்திரையினுடையதாக இருக்கலாம். 65 வயதைக் கடந்தோர்க்கு இவ்வகை மருந்துகளை இயன்றவரை தவிர்க்க வேண்டுமென்று அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுப் பட்டியல் கூறுகிறது.

2019இல் சோல்பிடெம் முதலிய மருந்துகளின் மீது மற்றோர் எச்சரிக்கையும் கட்டமிட்டு ஏற்றப்பட்டது. அவற்றை உண்ட சிலர் உறக்கத்திலேயே எழுந்து நடந்தனர், சமைத்தனர், வண்டியும் ஓட்டினர். விழித்த பின் அவர்களுக்கு ஒன்றும் நினைவில்லை. காயமும் மரணமும் நேர்ந்தன. இதனைப் படிக்கும்போது நம் வினைக்கோட்பாட்டில் தரிசனாவரணீயத்தின் கீழ்க் கூறப்படும் ஐவகை உறக்கம் நினைவுக்கு வரும். அவற்றுள் கடைசியான ஸ்தியானகிருத்தி என்பது, உறங்கியவாறே எழுந்து செயல்களைச் செய்து, பின் அதனை அறியாதிருக்கும் நிலை. அது வினை பற்றிய தத்துவம், இது மருந்தின் பக்க விளைவு. இரண்டையும் ஒன்றென்று சொல்லிப் பெருமை கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் உறக்கம் என்பது வெறும் ஓய்வு மட்டுமன்று, அறிவை மறைக்கும் திரையுமாகும் என்று நம் ஆசிரியர்கள் கண்டிருந்ததை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பிரமாதங்கள் பதினைந்தனுள் நித்திரையும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். முந்தைய இரவின் மாத்திரை இரத்தத்தில் இருக்கக் காலையில் வண்டி ஓட்டுபவருக்கு எவரையும் கொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் அவ்விலக்கணம் எண்ணத்தை மட்டும் கேட்கவில்லை, விழிப்பையும் கேட்கிறது.

சுவர் இடிந்த இடம்

மாத்திரை வேறு, கள் வேறு என்னும் சுவர் எங்கேயாவது இடிந்திருக்கிறதா என்றால், இடிந்திருக்கிறது. தெலங்கானாவில் கள்ளின் போதையைக் கூட்டுவதற்காக அதில் டயஸிபாம், அல்பிரஸோலம், குளோரல் ஹைட்ரேட் ஆகியவற்றைக் கலக்கும் தீய வழக்கம் பல ஆண்டுகளாக இருந்துள்ளது. 2015இல் அரசு கெடுபிடி செய்து அக்கலப்படக் கள்ளை நிறுத்தியபோது பல ஊர்களில் குடித்துப் பழகியவர்கள் நடுக்கமும் பிதற்றலும் வலிப்புமாக மருத்துவமனைகளை நோக்கி வந்தனர். தாம் உறக்க மாத்திரைக்கு அடிமையாகியிருப்பது அவர்களுக்கே தெரியாது. மருந்துக் கடையில் மரியாதையோடு விற்கப்படும் அதே பொருள் கள் மொந்தைக்குள் இருந்தது. அங்கே பொருள் ஒன்றே. மாறியவை அறிவும் இடமும் மட்டுமே.

ஆகவே “நாங்கள் குடிப்பதில்லை” என்ற ஒரு சொல்லால் நாம் இக்கேள்வியைக் கடந்துவிட இயலாது. மதுவை விலக்கச் சொன்னதன் நோக்கம் விழிப்பைக் காப்பது. விழிப்பைக் கெடுக்கும் வேறொன்று வெண்ணிற மாத்திரையாக வரும்போது, அதனைப் பெயரைப் பார்த்து ஏற்காமல், நோக்கத்தைப் பார்த்து ஆராய வேண்டும்.

அப்படியாயின் மாத்திரை உண்பதே பாவமா? அன்று. இங்கே மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களுள் மருந்தும் ஒன்று. உறக்கமின்மை ஒரு நோய். புற்றுநோயின் வலியால் கண் மூடாதவர், மகனை இழந்த தாய், மனநோயால் பல நாட்கள் விழித்துக் கிடப்பவர் ஆகியோர்க்குச் சில இரவுகளின் உறக்கம் உயிர்ப்பிச்சை. வலிப்புக்காகவும் மனப்பதற்றத்துக்காகவும் மருத்துவர் திட்டமிட்டுத் தரும் மருந்தை, “உனக்கு மனஉறுதி இல்லை” என்று இகழ்ந்து நிறுத்தச் செய்தல் அகிம்சை ஆகாது. நம் சமூகத்தில் பலர் மாத்திரையை மறைவாக உண்பதற்கு இத்தகைய இகழ்ச்சியே காரணம். மறைவில் வளர்வது பழக்கம். வெளிப்படையில் நிகழ்வது சிகிச்சை.

யாருடைய உறக்கத்திற்காக?

நாம் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கூர்மையான கேள்வி வேறொன்று உண்டு. இம்மாத்திரை யாருடைய உறக்கத்திற்காகத் தரப்படுகிறது?

பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வாழ, ஊரில் தனித்திருந்த தாயை நகர வீட்டுக்கு அழைத்து வருகிறோம். பகலில் அவருடன் பேச ஆள் இல்லை. வேலை இல்லை. பகலெல்லாம் கண்ணயர்ந்து இரவில் விழித்திருக்கிறார். எழுந்து நடக்கிறார், விளக்கைப் போடுகிறார், பெயர் சொல்லி அழைக்கிறார். காலையில் அலுவலகம் செல்ல வேண்டியவர்களுக்கு உறக்கம் கெடுகிறது. “பாட்டிக்குத் தூக்கம் வரவில்லை” என்று மருத்துவரிடம் சொல்லி மாத்திரை பெறுகிறோம். பாட்டி அமைதியாகிறார். வீடும் அமைதியாகிறது. அவ்வமைதி அவருடைய நலனா, நம்முடைய வசதியா?

சில வேளைகளில் இரண்டுமாகவே இருக்கலாம். இரவெல்லாம் கண்விழித்துப் பெரியோரைக் காப்பவரின் களைப்பு எளியதன்று. அவரைக் குறை கூறுவது நோக்கமும் அன்று. ஆனால் தனிமை என்ற நோய்க்கு உறக்கத்தை மருந்தாகக் கொடுக்கிறோமா என்பதை ஒருமுறையேனும் ஆராய்தல் கடமை. நெடும்பயணத்தில் குழந்தை அழாதிருக்க இருமல் மருந்தையோ ஒவ்வாமை மருந்தையோ ஊட்டும் வழக்கத்துக்கும் இதுவே பொருந்தும். பேச இயலாத உயிரின் விழிப்பை நம் வசதிக்காகப் பறிப்பது இம்சையின் நுண்ணிய வடிவங்களுள் ஒன்று. தம் உறக்கத்துக்காகத் தாமே மாத்திரை உண்பவர் தம்மைப் பற்றி முடிவு செய்கிறார். பிறர்க்கு ஊட்டுபவருக்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

இல்லங்களில் செய்யத்தக்கவை

நெடுநாள் உறக்கமின்மைக்கு மாத்திரையை விட, உறக்கம் பற்றிய பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தும் பயிற்சிச் சிகிச்சையையே முதலில் தர வேண்டுமென்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. அதன் உட்பொருள் எளியது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், படுக்கையை உறக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துதல், உறக்கம் வராவிடில் புரண்டு கிடக்காமல் எழுந்து அமர்ந்து மீண்டும் உறக்கம் வரும்போது படுத்தல், பகலுறக்கத்தைக் குறைத்தல், மாலைக்குப் பின் காப்பி தவிர்த்தல் ஆகியவை அதன் பகுதிகள். கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் நெறியும் இதற்குத் துணையாவதே. நிறைந்த வயிற்றோடு படுப்போர்க்கு நல்லுறக்கம் அரிது.

மாத்திரை தேவையாயின், எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் முதல் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வேறு என்னென்ன மருந்து உண்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவர்க்கு எழுதியதை மற்றவர் உண்ணலாகாது. அட்டையைத் தலையணைக்கடியில் வைக்காமல், குழந்தைகளுக்கும் மனம் சோர்ந்தவர்களுக்கும் எட்டாத இடத்தில், பொறுப்புள்ள ஒருவர் கையில் வைத்தல் நலம். உறங்க இயலாமையோடு வாழ்வே வெறுத்துப் பேசுபவர் வீட்டில் இருந்தால் அதனை அலட்சியம் செய்யலாகாது. 14416 என்னும் டெலிமானஸ் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

மீண்டும் கள்ளக்குறிச்சியை எண்ணுவோம். அந்நகருக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அங்கே வெல்லமும் மரப்பட்டையும் இட்ட சாராய ஊறல்களைக் காவல்துறையினர் தேடி அழிப்பது பல்லாண்டுச் செய்தி. 2024இன் கொடுமைக்குப் பின் மலையில் தேடுதல் தீவிரமாயிற்று. தண்டனைச் சட்டமும் ஆயுள் சிறை வரை கடுமையாக்கப்பட்டது. ஆனால் கருணாபுரத்தில் கொன்ற மெத்தனால் மலை ஊறலில் பிறந்தது அன்று, தொழிற்சாலைகளுக்கு உரிய இரசாயனம். அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, அவர்களுக்குச் சாலை, மருத்துவம் முதலிய அடிப்படை வசதிகள் பற்றிக் கேள்வி எழுப்பியது. மூட்டை தூக்கிய முதுகின் வலிக்கு மருத்துவர் இல்லாத இடத்தில் பொட்டலமே மருத்துவராகிறது. நமக்குச் சீட்டும் மருத்துவரும் அச்சிட்ட அட்டையும் கிடைத்தமை நம் ஒழுக்கத்தின் பயன் மட்டுமன்று. பெரும்பகுதி நம் வசதியின் பயன். இவ்வுண்மையை உணர்ந்தால் மாண்டவர்களைக் குடிகாரர் என்று கூறி விலகிச் செல்லும் மனம் நமக்கு வராது.

அவர்களுக்குக் கிடைக்காத அறிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதனைப் பயன்படுத்தாமல் கண்ணை மூடி மாத்திரை விழுங்கினால் நமக்குச் சொல்லிக்கொள்ளச் சாக்கு ஒன்றும் இல்லை. இவ்விதழை மூடியதும், வீட்டில் மாத்திரை உண்பவர் எவரேனும் இருப்பின், அவரிடம் கடிந்து பேசாமல் அருகில் அமர்ந்து, எப்போது தொடங்கியது, எவர் எழுதியது, எதை எண்ணி உறக்கம் வரவில்லை என்று கேட்போமாக. அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது உடன் செல்வோமாக.